கட்டைவிரலுக்குத் தெரிந்த தையல்

டாக்டர் ராஜம் அம்மா இறந்துபோன செய்தி வந்தபோது, அவருடைய வெள்ளைப் புடவை என் மேஜைமேல் பாதி மடிப்பில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வாட்ச்மேன் கேட்டிலிருந்து ஓடிவந்து, "சாச்சா, தீஸ்ரா மாலாவாலி டாக்டர் மேடம் நஹீ ரஹீ" என்றான். மூன்றாவது மாடி டாக்டர் என்றால் அவர் ஒருவர்தான். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிடக்கூடாது என்ற நினைவு மட்டும் இருந்தது. தூக்கிக் கல்மேல் வைத்தேன். பிறகு நின்றுகொண்டே இருந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செம்பூர் ஆராய்ச்சிக்கூடத்தில் அம்மாவோடு கடைசிவரை வேலை பார்த்த சந்துரு சார், அவருக்காகப் போடும் நினைவு மலரில் நானும் பேச வேண்டும் என்று வந்தார். "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். நான் எதைச் சொல்லுவேன் என்று அவருக்குத் தெரியும். சொல்வதை அப்படியே எழுதுவதானால் சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்.

மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் நான்கு கட்டிடங்களுக்கு நான் இஸ்திரி போடுகிறேன். வீடு தாராவியில். என் வேலை முறை இப்படி: பெட்டி நல்ல சூட்டில் இருக்கும்போது எல்லா வீட்டுப் பருத்தித் துணியும் முதலில், சூடு தணிந்தபின் மற்றது. அதனால் எண்பத்துநான்கு வீட்டுத் துணியும் ஒரே குவியலாகக் கலந்துவிடும். கடைசியில் பிரிப்பேன். மை குத்துவதில்லை, சீட்டு கட்டுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் காலரில் மை குத்தித்தான் கட்டிடங்களை இழந்தார். துணியில் என் கை வைத்த தடம் எதுவும் இருக்காது என்று வாக்குக் கொடுத்த பிறகே அம்மா வீடு இருந்த கட்டிடத்துப் படிக்கட்டின் கீழ் எனக்கு மேஜை போட இடம் கொடுத்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த புதிதில் அம்மா ஒருநாள் வேண்டுமென்றே பக்கத்து வீட்டுத் தலையணை உறையைத் தன் மூட்டைக்குள் வைத்து அனுப்பினார். நான் அதைப் பக்கத்து வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் இறங்கி வந்து, "எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். "பாத்தா தெரியுதும்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை அதே கேள்வியைக் கேட்டார். அவர் கேள்வி கேட்டால் அப்படித்தான் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும்.

அவரை மருந்து கொடுக்கிற டாக்டர் என்று நினைத்து, என் வீட்டுக்காரியின் முட்டிவலிக்கு ஒருமுறை வழி கேட்டேன். "நான் அந்த டாக்டர் இல்லே முத்தையா. வலி மூளைக்கு எந்த வழியாப் போறதுன்னு கணக்குப் போட்டுத் தருவேன். வலி அங்கேயேதான் இருக்கும்" என்றார். அப்போதுதான் அவர் வேலை என்ன என்று விளங்கியது. மூளை எப்படி நினைவு வைக்கிறது என்பதைக் கணக்காக எழுதி, கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மூளை செய்து, அது நிஜ மூளைபோல நடக்கிறதா என்று பார்ப்பது. அவர் அடிக்கடி சொல்வார்: "கணக்கு பொய் சொல்லாது. போடறவாதான் சொல்லுவா."

துணிகளை நான் எப்படி நினைவு வைக்கிறேன் என்று பார்க்க அம்மா என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருஷம், வேலை குறைவான செவ்வாய் மத்தியானங்களில் பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போனேன். தலையில் ஒயர் வைத்த குல்லா மாட்டுவார்கள். கட்டிடத்து வீடுகளில் இரவல் வாங்கிய துணிகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார்கள். எந்த வீடு என்று நான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "உம்ம மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு மெஷினு வச்சா பாக்காவ? எங்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேம்லா, ஒண்ணுமில்லன்னு" என்றாள்.

முதல் நாளே அம்மா என்னிடம் கேட்டார்: "துணியிலே ரகசியமா ஏதாவது அடையாளம் வெக்கறேளா?"

"இல்லம்மா" என்றேன்.

அது பொய். வேட்டி, புடவை, பூப்போட்ட சட்டை எல்லாம் என் நினைவில் இருந்தது நிஜம். ஆனால் ஒரே கடையில் எடுத்த வெள்ளைச் சட்டைகளையும் பள்ளிக்கூடச் சீருடைகளையும் எந்த மனிதனாலும் பிரிக்க முடியாது. அவற்றின் காலர் அடிமடிப்பில், துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து, அரிசி அளவுக்குத் தையல் போட்டு வைப்பேன். இரண்டு தையல் ஒரு வீடு, மூன்று தையல் ஒரு வீடு. கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் அவர்கள் துணியில் ஊசி ஏற்றுகிறவன் என்று தெரிந்தால் மேஜை போய்விடும். அந்தப் பயத்தில் சொன்ன பொய்யை, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் குல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை அம்மா மேஜைக்கு வந்தார். முகம் பூரித்திருந்தது. "முத்தையா, நாங்க பண்ணின மூளை எல்லாத்தையும் பிரிச்சுது, ஒரே மாதிரி இருக்கற சட்டையைத் தவிர. உங்க மூளை அதையும் பிரிக்கறது. அது எப்படின்னு கணக்குப் போட்டுட்டேன். இத்தனை வருஷம் தேடினது அதைத்தான். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசப்போறேன்."

அவர் படியேறிப் போனபின், முதல் தடவையாக ஒரு சட்டையைக் கருக்கினேன்.

வியாழக்கிழமை கூப்பிடாமலே செம்பூருக்குப் போனேன். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. அறையில் அம்மாவும் சந்துரு சாரும் மறுநாள் பேச்சுக்கான படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லி முடித்தேன். சந்துரு சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்கு என்ன பண்ணிட்டீங்கன்னு புரியுதா? ரெண்டு வருஷம்!"

"புரியுது சார். அதான் வந்தேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நாளைக்குப் பேசிடுவோம். அப்புறம் சரிபண்ணிக்கலாம்."

இதையும் இப்போது அவரையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்.

அம்மா சுவரில் மின்விசிறி நிழல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். "அந்தச் சட்டையைக் குடுங்கோ." கண்ணை மூடிக்கொண்டு காலர் அடியில் கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி ஓட்டினார். நான்காவது தடவை விரல் நின்றது.

"ரெண்டா?"

"மூணும்மா. ஒண்ணு மேல ஏறியிருக்கும்."

"மூணு" என்றார் தனக்குள். அப்புறம் சந்துரு சாரிடம், "நான் இவர் தலையையே பார்த்துண்டிருந்தேன். தொட விட்டுட்டு விரலைப் பார்க்கலையே. நாளைக்குப் பேச்சு மாறும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மேடையில் அவர், பரிசோதனையில் தப்பு நேர்ந்துவிட்டது, முடிவைத் திரும்பப் பெறுகிறேன், தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னதாகச் சந்துரு சார் சொல்லித் தெரியும். என் பெயரும் தையலும் அதில் வரவில்லை. "எம் பேரச் சொல்லியிருக்கலாம்லாம்மா" என்று கேட்டேன். "சொன்னா உங்க மேஜை போயிடும். என் மேஜை போகாது. சித்த ஆடும், அவ்வளவுதான்" என்றார்.

சித்த அல்ல, நிறையவே ஆடியது. அவசரக்காரி என்ற பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அவருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த செவ்வாய் என்னைக் கூப்பிட்டு, குல்லாவை மாட்டி, விரலுக்கும் ஒயர் கட்டினார். விரல் மூளைக்கு என்ன சொல்கிறது என்ற கணக்கைத்தான் பிறகு கடைசிவரை போட்டார். உங்களில் பலர் அவரிடம் படித்தது அதைத்தான்.

அந்த வாரமே தன் வெள்ளைப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "எனக்கும் போடுங்கோ. கேட்டுட்டுப் போடறது இதுதான் முதல் தடவையா இருக்கும்" என்றார். முந்தானை ஓரத்தில் மூன்று தையல் போட்டேன்.

செய்தி வந்த அன்று மேஜையில் கிடந்தது அந்தப் புடவைதான். மீதியையும் மடித்து அவர் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.

உங்களில் அவரை அவசரக்காரி என்று நினைத்தவர்கள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றைக்குப் பொய் சொன்னது நான். மலர் அச்சானதும் நான்கு கட்டிடத்திலும் இதை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு படிக்கட்டின் கீழ் மேஜை இருக்குமோ, இருக்காதோ. கட்டைவிரல் என்னோடுதான் வரும். அதில் அவருடைய மூன்று தையல் இருக்கிறது.