மில் தொண்டை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட பிச்சைக்கண்ணு, ஐம்பத்தெட்டு வயதில் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ரேடியோப் பெட்டியையும் தன் கையாலேயே செய்தவர். விக்கிரமசிங்கபுரத்தில் வேறு எவனுக்கு அந்தத் துணிச்சல் வந்தது? அப்பேர்ப்பட்டவரின் குரலையே மேலப்பாளையத்து ரேடியோக்காரர் காஜா முகைதீன் குறை சொல்லிவிட்டார்.

வெள்ளத்தில் செல்போன் செத்தால் ரேடியோவில் சேதி கடத்த, ஆற்றங்கரை ஊருக்கு ஒருவர் என்று காஜா பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் காலையில் நடக்கும் சோதனையில் தேறாதவருக்கு அதில் இடமில்லை.

"அண்ணாச்சி, தகரத்துல சல்லியக் கொட்டுத மாதிரி இருக்கு. மைக் கெயினைக் குறைங்க" என்று போனில் சொன்னார். பதிவுசெய்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்.

பிச்சைக்கண்ணு கேட்டார். சீ! சளி கட்டின எருமை.

முப்பத்திரண்டு வருடம் நூற்பு மிஷின்களின் இரைச்சலோடு மல்லுக்கட்டிய தொண்டை அது. மில்லில் ஒரு சேதி சொல்ல, அடுத்தவன் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். மைக்கும் அவருக்கு ஒரு காதுதான். மைக் குரலை இழுக்கும் அளவான கெயினைப் பாதியாகக் குறைத்து, மைக்கில் உதட்டை ஒட்டிக் கத்தினார். பெட்டியின் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியது. குரலைத் தூக்கிக் கொடுக்கும் கம்ப்ரெஸ்ஸரை அணைத்தார். அப்போதும் சல்லிதான். மைக் மேலிருந்த பஞ்சை முகர்ந்தார். புகையிலை எச்சில் ஊறி நாறியது. பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்.

"நாலு விரக்கடை தள்ளிப் பிடிச்சு, பைய பேசுங்க அண்ணாச்சி."

"நான் என்ன வே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா, குசுகுசுன்னு பேச?"

"அப்பம் உங்க ஊர்ல ரேடியோ வச்சிருக்க அந்த வாத்தியாரையே பட்டியல்ல போட்டுருதேன்."

கடையில் வாங்கின பெட்டியில், எதிரொலி சேர்த்துக் குழைகிற அந்த வாத்தியாரா! பிச்சைக்கண்ணுக்கு வாய் கசந்தது.

ஞாயிறு காலை கெயினைக் கால்வாசிக்கு இறக்கினார். மைக்கை நாலு விரல் தள்ளிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பைய பேசினார்: "சோதனைச் செய்தி. படித்துறை மூழ்கிவிட்டது. இருபது பேருக்குச் சோறு வேண்டும்." முள் கோட்டுக்கு உள்ளேயே ஆடியது.

"இருபது பேருக்குச் சோறு. ஒரு எழுத்து விடாமக் கேட்டுது அண்ணாச்சி! உங்க பேரை எழுதியாச்சு."

அடுக்களை வாசலில் அவர் மனைவி சந்தனமாரி நின்றிருந்தாள். "எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருப்பியளா?"

"போடி அங்கிட்டு!"

காஜா அனுப்பிய புதுப் பதிவைக் கேட்டார். எவனோ ஒரு நோஞ்சான், கஞ்சிக்குக் கெஞ்சுகிறான். உடனே அழித்தார், பின்வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். அடுத்த ஞாயிறும் இதே குரலில்தான் பேசியாக வேண்டும் என்பது நினைவுக்கு வர, மறுபடியும் துப்பினார்.