குழாயில் வந்த சேதி

சென்ற வாரம் தர்மபுரியில், ஒரு காப்பி ஓட்டலில் இரண்டு பேர் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் கையில் ஒரு பத்திரிகை. எதிரே இருந்தவர் கையில் வேறொன்று. விஷயம் என்னவோ ஒன்றுதான். எங்கோ ஐரோப்பாவில் பெரிய தேசத்து மந்திரிகள் கூடிப் பேசிவிட்டுக் கலைந்திருக்கிறார்கள். 'சமாதானம் நெருங்குகிறது' என்றது ஒரு பத்திரிகை. 'மறுபடியும் யுத்தம்' என்றது மற்றது. இருவரும் மேஜையைத் தட்டிய தட்டில் என் டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது.

ஓட்டல்காரருக்கு என்னைத் தெரியும். "பத்திரிகையில எழுதறவரே இங்க இருக்காருங்களே, அவரைக் கேளுங்க" என்று மாட்டிவிட்டார்.

"சொல்லுங்க சார், எது நெஜம்?"

"தெரியாதுங்க. நான் அங்க போயிப் பாக்கலீங்களே" என்றேன்.

அவ்வளவுதான். அதுவரை சண்டை போட்ட இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு ஓர் அபிப்பிராயம் கூடவா இல்லை?

இருந்தது ஐயா, ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. ஆனால் சொந்தச் சரக்கு அல்ல. டைப் அடித்துத் தபாலில் வரும்!

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கம்பைநல்லூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். அப்போது சர்க்கார் பிரசார வேன் ஒன்று தாலுக்கா தாலுக்காவாகச் சுற்றும். மேலே பெரிய ஒலிபெருக்கி. அந்த நாளில் அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் 'குழாய்'. சந்தை நாளில் வேனை நிறுத்தி, முதலில் இரண்டு கிராமபோன் பிளேட். கூட்டம் சேர்ந்ததும் பிரசங்கம். பிரசங்கம் செய்யும் ஆசாமிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு நாள் ஒரு சொல் கூட எழவில்லை. தாலுக்கா ஆபீஸிலிருந்து ஒரு குமாஸ்தா என்னைத் தேடி வந்தார்.

"உங்க குரல் மூணு வகுப்புக்குக் கேக்குதாமே? வாங்க" என்றார்.

போனேன். கையில் டைப் அடித்த காகிதம் கொடுத்தார்கள். 'நேச தேசங்களின் வீர சேனைகள் சகல போர்முனைகளிலும் ஜெயபேரிகை முழக்கி...' நாலு வரி படிப்பதற்குள் கூட்டம் வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு ரோஷம் வந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் பாஷையில் ஆரம்பித்தேன்.

"அண்ணே, நம்ம காட்டுல அடுத்த ஊர்க்காரன் மாட்டைப் புடிச்சு வுட்டா சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டோம்!" என்றது கூட்டம்.

ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் அடுத்த ஊர்க்காரன் மாடாகிவிட்டது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தையும் கலந்து விட்டேன். பட்டாளத்தில் சேர்ந்தால் மூன்று வேளைச் சாப்பாடு, பூட்ஸ், கம்பளி, ஊர் ஊராகப் பார்க்கலாம், ஆபத்து என்று ஒன்றுமே கிடையாது... சொல்லச் சொல்ல எனக்கே ஆசையாக இருந்தது. வேனோடு வந்த அதிகாரி என் முதுகில் தட்டினார். தொண்டை கட்டிய ஆசாமிக்குத் தொண்டை சரியான பிறகும் என்னை விடவில்லை. விடுமுறை நாளெல்லாம் வேன்தான்.

சுயராஜ்யம் பேசுகிற நண்பர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்கென்ன கவலை? கைதட்டலுக்கு முன் நட்பு எம்மாத்திரம்?

இப்படி ஒரு வருஷம் ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பெயர் மாதம்மாள். பக்கத்துக் கிராமத்தில் ராகியும் அவரையும் பயிரிடும் குடும்பம்.

"குழாயில பேசற வாத்தியாரு நீங்கதானுங்களா?"

"ஆமா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எங்க வூட்டுக்காரரு முனியப்பன் உங்க பேச்சைக் கேட்டுத்தானுங்க பட்டாளத்துக்குப் போனாரு. வாத்தியாரு சொன்னாரு, ஆபத்து ஒண்ணுமில்லைன்னாரு, அப்டீன்னு சொல்லிட்டுப் போனாரு. பர்மாப் பக்கம் ரோடு போடறாங்களாம். நாலு மாசமாக் கடுதாசி இல்லீங்க."

"வந்துடும்மா" என்றேன்.

"நீங்கதானே அனுப்புனீங்க? நீங்களே கூட்டிக்கிட்டு வாங்க."

சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. இரவல் கொடுத்த கலப்பையைத் திருப்பிக் கேட்பவள்போல அமைதியாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று முதல் பத்திரிகையை நான் படித்த விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் முனியப்பனைத் தேடினேன். 'நமது படைகள் திட்டமிட்டபடி பின்வாங்கின' என்று போட்டிருந்தது. சந்தை நாளில் மாதம்மாள் வந்ததும் அதைப் படித்துக் காட்டினேன்.

"பின்வாங்கறதுன்னா என்னங்க?"

"திரும்பி வர்றது."

"அப்ப இவரு எங்கங்க?"

மேலும் கீழும் வரிகளைத் தேடினேன். அவளே மறுபடி கேட்டாள்: "இதை எழுதுனவரு அங்க போயிப் பாத்தாருங்களா?"

"இல்லம்மா. யாரோ சொல்லி எழுதியிருப்பாங்க."

"நீங்க குழாயில பேசுனீங்களே, அதையாவது பாத்துட்டுத்தான் பேசுனீங்களா?"

சேலத்துக்கு அப்பால் நான் போனதே இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? பத்திரிகையை மடித்து வைத்தேன்.

அடுத்த மாதம் நிலைமை மோசமாயிற்று. எங்கள் ஊர்க் கடலை மண்டிக்காரரிடம் ரேடியோ இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எதிரி தேசத்து வானொலியைக் கேட்பார். அதில் தமிழிலேயே பேசுவார்கள். பர்மாவில் ரோடு போட்ட பட்டாளம் முழுவதும் அழிந்துவிட்டது, ஓர் ஆள் மிச்சமில்லை என்று ஒரு நாள் அது சொன்னதாம். மண்டிக்காரர் இரண்டு பேரிடம் ரகசியமாகச் சொன்னார். சந்தை முடிவதற்குள் சேதி மாதம்மாளின் கிராமத்துக்குப் போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது முனியப்பன் எந்த இடத்தில், எப்படி விழுந்தான் என்பது வரைக்கும் சேர்ந்திருந்தது!

முனியப்பனின் அண்ணன்மார் இரண்டு பேர். நல்லவர்கள்தான். தம்பி போய்விட்டான் என்று நிஜமாகவே அழுதார்கள். அழுதுவிட்டு, காரியத்துக்கு நாள் குறித்தார்கள். காரியம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மாதம்மாளின் தாலியை எடுக்க வேண்டும்.

அவள் மறுத்தாள். "குழாயில வந்த சேதிக்கெல்லாம் தாலியைக் கழட்ட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். ஊர் கூடியது. அவள் ஆளனுப்பி என்னை வரச் சொன்னாள்.

கோயில் மரத்தடியில் முப்பது நாற்பது பேர். மூத்த அண்ணன் எழுந்து கும்பிட்டார்.

"வாத்தியாருங்களே, ரேடியோவுல அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லியிருக்கான். பொய்யா சொல்லுவான்? எங்களுக்கு மட்டும் ஆசையாங்க? செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலைன்னா அவன் கதி என்னங்க ஆவுறது?"

நியாயமான கேள்விதானே? அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மாதம்மாள் ஓர் ஓரமாக நின்று என்னையே பார்த்தாள்.

எத்தனையோ சந்தைகளில் பேசியவன் நான். அன்று வேறு மாதிரி ஆரம்பித்தேன். பையில் எப்போதும் இருக்கும் அந்த டைப் அடித்த காகிதத்தை எடுத்தேன்.

"அண்ணே, இதுதான் நான் குழாயில பேசறது. ஆபீஸ்ல ஒருத்தரு எழுதுவாரு. அவரு பர்மாவைப் பாத்ததில்லை. நானும் பாத்ததில்லை. ஆபத்து இல்லைன்னு சொன்னேனே, அது இதுல கூட இல்லை. கூட்டம் கலையக்கூடாதுன்னு நானாச் சேத்துக்கிட்டது."

மூத்த அண்ணன் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ரேடியோவுல பேசறவனும் என்னை மாதிரி ஒரு வாத்தியாராத்தான் இருப்பான். அவன் கையிலயும் இதே மாதிரி ஒரு காகிதம் இருக்கும். நம்ம பயந்தா அவனுக்கு லாபம். நீங்க துள்ளிக் குதிச்சா எனக்கு லாபம். முனியப்பன் இருக்காரா இல்லையான்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. சர்க்கார் முத்திரை போட்டுப் பேரோட கடுதாசி வர்ற வரைக்கும் பொறுங்க. கால்ல வுழுந்து கேக்கறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் இல்லை. ஆனால் அதுவரை நான் பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் மூத்த அண்ணனே எழுந்தார். "தை கழியட்டுங்க. அதுவரைக்கும் அவ தாலி அவ கழுத்துல இருக்கட்டும்" என்றார்.

இந்தப் பேச்சும் கால் முளைத்து தாலுக்கா ஆபீஸுக்குப் போய்விட்டது. குமாஸ்தா வந்து, "ஏன் சார், சர்க்கார் சோத்தைத் தின்னுட்டு இப்படியா பேசறது?" என்று சத்தம் போட்டார். அத்தோடு வேன் உத்தியோகம் போயிற்று. பள்ளிக்கூட வேலைக்கே ஆபத்து என்று சொல்லிக்கொண்டார்கள். நல்ல காலம், அதோடு நின்றது.

ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் என் கைக்கு வந்துவிட்டன. என்ன செய்தேன்? உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பட்டாள ஆபீஸுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்று, எனக்குத் தெரிந்த எல்லா விலாசத்துக்கும் இங்கிலீஷில். ஒவ்வொரு சந்தை நாளும் மாதம்மாள் வருவாள். "இல்லம்மா" என்பேன். "சரிங்க" என்று போய்விடுவாள். கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. தை பிறந்தது. பொங்கலன்று என் வீட்டில் பொங்கல் வைத்தார்கள். நான் அன்றைக்கும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன்.

தை முடிய ஒரு வாரம் இருந்தது. தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். என் விலாசத்துக்கு ஒரு கார்டு. அஸ்ஸாம் பக்கத்து மிலிட்டரி ஆஸ்பத்திரியிலிருந்து, முனியப்பன் சொல்லச் சொல்ல யாரோ ஒரு தமிழ் சிப்பாய் பென்சிலில் எழுதிக் கொடுத்தது. 'காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தேன். மலேரியாவில் கிடந்தேன். இப்போது எழுந்து உட்காருகிறேன். செவலைக்கு லாடம் தேய்ந்திருக்கும், பார்க்கச் சொல்லவும்.'

பையன்களை விட்டுவிட்டு ஓடினேன். ஆமாம், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு மைல் ஓடினேன்!

மாதம்மாள் களத்தில் காய்ந்த அவரைக்காயை அடித்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். நடந்து வந்தது, மலேரியா, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அசையாமல் கேட்டாள். செவலைக் காளையின் லாடம் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது அவருதானுங்க... அவரேதானுங்க..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். பெரிய பெரிய சர்க்கார்கள் ஆயிரக்கணக்கான மைலுக்குக் கேட்கும்படி குழாய் வைத்துப் பேசுகின்றன. அவற்றில் எதற்காவது செவலையைத் தெரியுமா?

சித்திரையில் முனியப்பன் வந்து சேர்ந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். பட்டாளத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளே போனேன். மாதம்மாள் எனக்கு மோர் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். இதுதான் சமயம் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முனியப்பா, என் பேச்சைக் கேட்டுப் போயித்தானே உனக்கு இவ்வளவு கஷ்டம்? என்னை மன்னிச்சுடு."

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்க பேச்சை யாருங்க கேட்டா?"

"என்னது?"

"பொம்மிடி டேசன்கிட்டத்தானுங்களே அன்னிக்குப் பேசுனீங்க? கூட்ஸ் வண்டி நின்னுக்கிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வுட்டுக்கிட்டு இருந்துதுங்க. ஒரு சொல்லு காதுல வுழுவலை. பத்து வருசமா அந்த டேசனுக்குப் புளி மூட்டை ஏத்திக்கிட்டுப் போறேன். மூட்டையெல்லாம் ரயில்ல போவுது, நான் மட்டும் போவலீங்களே! ஒரு தடவையாவது ஏறிப் பாத்துடணும்னுதானுங்க பேரு குடுத்தேன்."

"அப்ப மாதம்மா கிட்ட..."

"ரயில் ஏற ஆசைன்னு பொண்டாட்டி கிட்டச் சொல்லிட்டுப் போவ முடியுங்களா? வாத்தியாரு சொன்னாருன்னா மறுபேச்சு பேச மாட்டா. அதனால உங்க மேல போட்டுட்டேன். தப்பா நெனைச்சுக்காதீங்க."

யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் புரண்டிருக்கிறேன். ஒரு மனிதனைப் பேசியே யுத்தத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று! சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? வாய்விட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். என் பிரசங்கத்தைக் கடைசிவரை முழுக்க நம்பிய ஆசாமி யார் என்று கணக்குப் பார்த்தால்... நான் ஒருவன்தான் தேறுவேன்போல!

முனியப்பன் இப்போது பழையபடி தேறிவிட்டான். போன மாதம் பார்த்தேன். நல்ல விளைச்சல் என்றான். மன்னிப்புக் கேட்ட அன்று நான் கிளம்பும்போது அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ரயில் சமாசாரம் அவகிட்டப் போயிறாமப் பாத்துக்கோங்க."

வாசகர்களே, கம்பைநல்லூர்ப் பக்கம் போனால் இந்தப் பத்திரிகையைத் தயவுசெய்து சத்தம் போட்டுப் படிக்காதீர்கள்!