ஒப்புக்குப் பத்தி

கலைக் கல்லூரியின் வடிவமைப்புத் துறையில் முப்பத்தோரு வருடம் தட்டச்சு செய்தவளை எல்லோரும் டைப்பிஸ்ட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

அவள் சேர்ந்த புதிதில், அம்மா இறந்த மூன்றாம் மாதம், துறைத்தலைவர் வந்து நின்றார்.

"பசங்க பக்க வடிவமைப்பு பழகணும். ஒரு பத்தி அடிச்சுக் குடுங்கம்மா. எதுவா இருந்தாலும் சரி, யாரும் படிக்கப் போறதில்ல."

யாரும் படிக்கப் போவதில்லை என்றதும் அவள் கைக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

'இந்த வீட்டில் இப்போது ஒரு தட்டுதான் கழுவுகிறேன். கதவைத் திறந்ததும் சுவற்றில் இருக்கும் கடிகாரத்திடம் வந்துவிட்டேன் என்று சொல்கிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.'

மாணவர்கள் அதற்கு 'ஒப்புக்கு' என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி சேர்ப்பார்களே, அதுபோல நிஜ வாசகம் வரும்வரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது. அதை நகலெடுத்து, கத்தரியால் வெட்டி, பசை தடவி அட்டையில் ஒட்டினார்கள். "கண்ணச் சுருக்கிப் பாரு. எழுத்து தெரியக் கூடாது, சாம்பல் பட்டையா தெரியணும்" என்று பாடம் நடந்தது. படிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அதற்கு மதிப்பெண் வேறு! பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கத்தரியும் பசையும் பரணுக்குப் போயின. ஒப்புக்கு மட்டும் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாடத்திட்டம் நான்கு முறை மாறி, கைபேசித் திரைக்கு வடிவமைக்கும் வகுப்பும் வந்தது. அவளுடைய ஒற்றைத் தட்டு அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

வருடாந்தரக் கண்காட்சியில் அவள் வீடு நாற்பது சட்டங்களில் தொங்கும். பார்க்க வருபவர்களின் பின்னால் போய் நிற்பாள். யார் வீடு இது என்று ஒருவராவது கேட்டுவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. "கலர் நல்லாருக்குல்ல?" என்று நகர்ந்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற நாளில் மாணவர்கள் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். திறந்தாள். வாழ்த்தை எழுத மறந்துவிட்டார்கள். உள்ளே ஒப்புக்கே நின்றது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு ஒரு சொல்லில் கண் நின்றது. 'சுவற்றில்' இல்லை, 'சுவரில்' என்று இருந்தது.

சுவற்றில் என்பது பிழை என்று அவளுக்கு எப்போதோ தெரியும். வேண்டுமென்றேதான் திருத்தவில்லை. நிஜமாகப் படிக்கிற ஆள் வந்தால் அங்கே தடுக்கி நிற்பார் என்று விட்டுவைத்திருந்தாள்.

"இத யாரும்மா திருத்துனது?"

அட்டையைச் செய்த மாணவி எட்டிப் பார்த்தாள். "எது? ஓ, அதுவா. இப்பல்லாம் தப்பா இருந்தா கம்ப்யூட்டரே மாத்திரும்மா. நாங்க தொடவே இல்ல. கலர் பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள்.

கேட்காமல் வந்திருக்கலாம் என்று பேருந்தில் வழிநெடுக நினைத்துக்கொண்டாள். கேட்காமல் வந்திருந்தால், கடிகாரத்திடம் சொல்ல இன்றைக்கு ஒரு சேதியாவது இருந்திருக்கும்.