சிவப்பைத் தேடிய பச்சை ஒளி

பல் டாக்டரின் நாற்காலியில் ஆசையாக வந்து உட்கார்ந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. டிரில்லைக் கையில் எடுத்ததுமே வில்லனாகிவிடுகிற சக டாக்டர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பச்சைத் தேயிலையின் விலை விழுந்து கிடந்த வருஷங்களில், கோத்தகிரியில் என் கிளினிக்குக்கு ஒரு லேசர் கருவி வந்தது. பரிசோதனைக்காகக் கொண்டுவந்தவர் கோவையில் என்னோடு படித்த செல்வராஜ்.

ரவிக்கைப் பொருத்தம்

சொத்தையான இடம் மிருதுவாக இருப்பதால் சாயத்தை உறிஞ்சும். நல்ல பல் உறிஞ்சாது. சாயம் ஏறிய இடத்தை மட்டும் ஒளி எரித்துவிடும் என்பது திட்டம். கருவியின் ஒளி பச்சை என்பதால், புடவைக்கு ரவிக்கை எடுப்பதுபோல செல்வராஜ் பச்சைச் சாயமாகவே கொண்டுவந்திருந்தார். பிடுங்கிய பல் ஒன்றின் வெளிறிய சொத்தையில் தடவி ஒளியைப் பாய்ச்சினோம். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கிளினிக்கிலேயே இருந்த சிவப்புச் சாயத்தைத் தடவினோம். சின்னதாக ஒரு சத்தம், துளிப் புகை. சொத்தை போய்விட்டது, சுற்றியிருந்த பல் அப்படியே இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பச்சை ஒளியைப் பச்சைச் சாயம் திருப்பி அனுப்பும், சிவப்பு விழுங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு. உதவியாளர் ரேவதி சொன்னாள்: "ஏனுங்க டாக்டர், தன்ற நெறத்தக் கண்டா உட்டுப்போட்டுப் போயிருதுங்க. ஆகாத நெறத்தத்தான் புடிச்சுத் திங்குதுங்க."

மேரியின் முன்பல்

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மேரி, சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். எஸ்டேட் சர்ச்சில் பாட்டு எடுத்துக்கொடுப்பது அவர்தான். வேலை குறைந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட, மிஞ்சியவர்களுக்கு அந்தக் குரல்தான் துணை.

அவருடைய முன்பல்லில் பெரிய சொத்தை. டிரில் வைத்தால் மிச்சமிருந்த மெல்லிய சுவரும் உடையும். பிடுங்கினால் பாடும்போது காற்றுப் போகும். லேசரைப் பற்றி விளக்கினேன். "வலிச்சாத் தாங்கிக்குவேன் டாக்டரம்மா. பல்லு போயிட்டா எந்த வாய வச்சுப் பாடுறது?"

பிளேன்டீ மரியாதை

குழியில் சிவப்புச் சாயம் வைத்து ஒளியைத் தொட்டதுமே மேரி கையைத் தூக்கினார். சுட்டது குழியில் இல்லை, பல்லின் வெளிப்புறத்தில். பார்த்தால் அங்கே செம்பழுப்பாக ஒரு கறை. டாக்டர் முன்னால் வாய் நாறக் கூடாது என்று, அந்த வாரம் முழுக்க உப்புப் போட்ட கடும் பிளேன்டீயில் கொப்பளித்திருக்கிறார். பால் கலக்காத அந்தத் தேநீர்தான் லயத்தில் பல்வலிக்கு மருந்தும்கூட. அந்தப் பழுப்பும் பச்சை ஒளியை விழுங்கும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. பல் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

கறையைத் தேய்த்து எடுத்து, சாயத்தைக் குழிக்குள் மட்டும் வைத்து, மறுபடி தொடங்கினோம். பக்கத்துக் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும்போது மண் விலகுவதுபோல, சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகி வெள்ளை தெரிந்தது. மெல்லிய சுவர் நின்றது. குழியை அடைத்ததும் மேரி அங்கேயே ஒரு வரி பாடிப் பார்த்தார். காற்றுப் போகவில்லை. என் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் பல்லை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெட்டத மட்டும் எடுத்துட்டு நல்லத விட்டுருச்சே. வெளிச்சத்துக்கு இம்புட்டுப் புத்திய யாரு குடுத்தது டாக்டரம்மா?"

யாருமே சீந்தாமல் எங்கள் மலைத் தேயிலை தேங்கிக் கிடந்த அந்த வருஷங்களில், அதை ஆசையாக வாங்கிக்கொள்ள வந்தது அந்தப் பச்சை வெளிச்சம் ஒன்றுதான், அதையும் நாங்களே கறையைத் தேய்த்துத் துடைத்துத் திருப்பி அனுப்பிவிட்டோம்.