கண்டிப்பானவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர்

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஜெர்மனியை ஆண்டு, யூதர்களை இலட்சக்கணக்கில் கொன்றொழித்த சர்வாதிகாரியின் பெயர் அது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமையாசிரியருக்கும் அதுதான் பட்டப்பெயர், அடுத்த வீட்டு மாமாவுக்கும் அதுதான். ஆள் கண்டிப்பு என்றால் போதும், சூட்டிவிடுவோம்.

இரண்டாயிரங்களின் நடுவில், லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஷிப்டுக்கு இரண்டு நிமிடம் பிந்தினாலும் மணிக்கூட்டைக் காட்டுகிற பெண் மேலாளர். அவருக்கும் அதே பெயரை வைத்தது நான்தான். என் நாக்கில் சனி.

அங்கே வியன்னாவில் பிறந்த யூத மூதாட்டி ஒருவர் இருந்தார். கை நடுக்கம். நான் ஊட்டினால் மட்டுமே சாப்பிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொதுக்கூடத் தொலைக்காட்சியில் அந்தச் சர்வாதிகாரியைப் போல ஒட்டுமீசை வைத்து யாராவது கோமாளித்தனம் செய்தால், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவர் மட்டும் நாற்காலியை யன்னல் பக்கம் திருப்பச் சொல்வார். வெளிச்சத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மதியம் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை செய்த தமிழ்ப் பிள்ளை எட்டிப் பார்த்து, "அக்கா, அவ வாறா!" என்றாள். நான் மேலாளரின் பட்டப்பெயரை உரக்கச் சொல்லி, "வரட்டும், நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சிரித்தேன்.

எங்கள் தமிழில் அந்த ஒரு பெயர்தான் மூதாட்டிக்கு விளங்கியிருக்கும். வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஊரில் கண்டிப்பானவர்களை அப்படித்தான் அழைப்போம் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்காமலே இருந்திருக்கலாம்.

"கண்டிப்பானவன்," என்றார் மெதுவாக. "அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதானா?"

அன்றுதான் இல்லத்தில் இருந்த அவருடைய பராமரிப்புக் கோப்பை முழுதாக வாசித்தேன். அதுவரை உணவுப் பக்கத்தைத் தாண்டியதில்லை. சிறுமியாக அவரை மட்டும் ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா, அப்பா, தம்பி மூவரும் முகாமில் கொல்லப்பட்டார்கள்.

மூன்று நாட்கள் அவர் என் கையால் சாப்பிடவில்லை, வேறு யார் கையாலும் சாப்பிடவில்லை. தேநீரோடு சரி. "விடுங்கோ அக்கா, வயசானவை அப்பிடித்தான்" என்றாள் அந்தப் பிள்ளை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அதைவிட என்மேல்தான். வீட்டுக்குப் போகும் ரயிலில் அழக்கூட அலுப்பாக இருந்தது.

நான்காம் நாள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சூப்பும் கரண்டியுமாக அவர் முன்னால் அமர்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டார்:

"நீயும் தப்பி வந்தவள்தானே?"

தலையாட்டினேன்.

"உன் வீட்டில் யாரை?"

"அண்ணாவை. லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்."

"ஏற்றச் சொன்னவனுக்கும் ஒரு பெயர் இருக்குமே. அதைச் சொல், பார்க்கலாம். சிரித்துக்கொண்டு சொல்."

வாயைத் திறந்தேன். அந்தப் பெயரை என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. கையிலிருந்த கரண்டி சரிந்து, சூப் மேசையில் சிந்தியது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரண்டியின் பக்கம் குனிந்து, வாயைத் திறந்தார்.