நீலம் சாகாத காலை

புட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள் ஷாவ் ஜூஹுவா. உள்ளே தண்ணீர், ஒரு சொட்டு நீலச் சாயம், வெள்ளைப் பூச்சு பூசிய கண்ணாடிச் சில்லு. வெயில் பட்டால் ஒரு மணி நேரத்தில் சாயம் வெளுத்துப் போகும். அதை அவள் "நீலம் செத்துச்சு" என்பாள். செத்தால்தான் மதகைத் திறப்பாள்.

சீனாவின் ஜெஜியாங்கில் இருக்கும் அந்த மருந்து ஆலையின் கழிவுநீர்த் தொட்டிகள் பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. அதே வெள்ளைப் பூச்சுப் பலகைகள்மேல் தண்ணீர் மெல்ல ஓட, மேலே கண்ணாடி வழியே வெயில் இறங்கி, மிச்ச மருந்தையும் கிருமியையும் பொசுக்கிவிடும். பொறியாளர்கள் இதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு இது "வெயில் சமையல்". வினிகரில் நனைத்த பழைய பனியனால் கண்ணாடியைத் தேய்த்தபடியே, "அரைவேக்காடு ஆத்துக்குப் போகக் கூடாது" என்று யாரும் கேட்காமலே சொல்வாள்.

அவள் புருஷன் ஆலைக்குக் கீழே, ஆற்றங்கரை வயலில் ஜியாவ்பாய் என்ற காய்கறித் தண்டு அறுத்தவர். தொடையளவுத் தண்ணீரில் நின்று அறுக்க வேண்டும். இலை ஒவ்வொன்றும் பிளேடு. அப்படிக் கீறிய காயம்தான் சீழ் வைத்தது. ஊசிமேல் ஊசி போட்டும் கேட்காமல் போய்ச் சேர்ந்தார். "இந்தக் கிருமி எல்லா மருந்தையும் முன்னாடியே குடிச்சுப் பழகினதும்மா" என்றார் டாக்டர். அது எங்கே குடித்தது என்று அவளுக்குத் தெரியும். பலகைகள் வந்தது அதற்கு மறு வருடம். இப்போது அதே வயலில் மகன் தாவோமிங் இறங்குகிறான்.

ஆனி மழை பிடித்து இன்றோடு ஒன்பது நாள். வானத்தில் பொட்டு வெளிச்சம் இல்லை. மழைக்காலத்துக்கு வெயிலுக்குப் பதிலாக விளக்கு போட்டுத் தருவதாக ஆலை சொன்னதோடு சரி. தொட்டி நிரம்ப ஒரு சாண்தான் பாக்கி.

குடையோடு வந்து நின்றார் மேலாளர் டெங்.

"அக்கா, திறந்து விடுங்க."

"நீலம் சாகலையே."

"சாயம்தானே அக்கா! மழைத் தண்ணியில கலந்து எங்கயோ போயிடும்."

"எங்கயோ இல்ல சார். என் பையன் கால்ல."

"உங்களைத் தவிர வேற ஆளே இல்லைன்னு நினைப்பா? தள்ளுங்க, நானே திறக்கிறேன்."

ஜூஹுவா கழுத்துக் கயிற்றில் தொங்கிய மதகுப் பூட்டுச் சாவியைக் கழற்றி நீட்டினாள். மதகுச் சக்கரத்தின்மேல் தொட்டித் தண்ணீர் தெறித்து வழிந்துகொண்டிருந்தது. டெங் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாவிக்குக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, சக்கரத்தில் வழியும் தண்ணீரையும் தன் விரல்களையும் பார்த்தார். கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி.

"அக்கா... கையுறை ஏதாவது இருக்கா?"

ஜூஹுவா சாவியை மறுபடி கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டாள்.