அங்கம்மாவின் தடைக்காலம்

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற பெண்கள் எத்தனையோ பேர். அங்கம்மாவின் குரல் மட்டும் ஒன்றுதான். அவள் வஞ்சிரத்துக்கு விலை கூவினால், ராயபுரம் ஸ்டேஷனில் இறங்குகிற வியாபாரி அங்கேயே யோசித்து முடிவெடுத்துவிட்டுத்தான் நடப்பான் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கத்திலேயே ஓடினாலும் அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறாமல் காதில் விழும் என்பது நிஜம். முப்பது வருஷமாக அந்தக் குரலை வைத்துத்தான் அவள் பிழைத்தாள், சண்டை போட்டாள், குடும்பம் நடத்தினாள். வீட்டுக்குள் உப்பு கேட்டால் தெருமுனையில் இருப்பவன் எடுத்துக்கொண்டு வருவான்.

அப்படிப்பட்டவளிடம் போய் டாக்டர் மாயா, நாற்பது நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

"உங்க வீட்டுக்காரர் கையைப் பாத்திருக்கீங்களா? கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பு காய்ச்சிருக்கும் இல்ல? உங்க தொண்டைக்குள்ள அதேதான் வந்திருக்கு. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். நாற்பது நாள் கழிச்சு, கரைஞ்சிருக்கான்னு பாக்கலாம்."

"கரையலன்னா?" என்று கேட்டாள் அங்கம்மா.

"ஏலத்தை மறந்துடணும்மா."

அந்த "கரையலன்னா"தான் அவள் கடைசியாகப் பேசியது. மே மாதத்தின் முதல் வாரம் அது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளை ஜூன் பாதி வரை கடலுக்குப் போகக் கூடாதென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். லாஞ்சு ஓட்டுகிற அவள் புருஷன் கருணாகரனும் கரையில்தான் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அவன், "மீனுக்கும் தடைக்காலம், உனக்கும் தடைக்காலம். ரெண்டும் ஒண்ணாவே முடியும், வுடு" என்றான். முப்பது வருஷத்தில் அவன் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது. சொன்ன பிறகு அவனே கொஞ்சம் திகைத்துப் போனான்.

தெரு முழுக்க அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. "அங்கம்மா அக்காவுக்குத் தடைக்காலமாம்" என்று குழாயடியில் சிரித்தார்கள். சிரிக்கத் தைரியம் வந்ததற்கே அந்தத் தடைக்காலம்தான் காரணம்.

முதல் வாரம் சித்திரவதை. தண்ணீர் லாரிக்காரன் குடத்தை நிரப்பாமல் போனான்; அவளால் திட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போனது. அதைக்கூடத் திட்ட முடியவில்லை. நாத்தனார் மலர்தான் கை ஜாடைக்கு அர்த்தம் சொல்ல நின்றாள். மலர் கருணாகரனின் தங்கை. புருஷன் போன பிறகு அடுத்த வீட்டிலேயே இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக ஏலத்தில் அண்ணிக்குப் பின்னால் நின்று கூடை அடுக்கித் தண்ணீர் தெளிக்கிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். அங்கம்மா பக்கத்தில் இருக்கும்போது பேசுவதற்கு இடமும் இருந்ததில்லை. இப்போது வாசலில் வந்தவனைப் பார்த்து அங்கம்மா, 'போய்த் தொலை' என்று கையை வீசினால், மலர், "அண்ணி உங்கள அப்புறமா வரச் சொல்லுது" என்பாள். அதைக் கேட்கையில் அங்கம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும்.

இரண்டாம் வாரம் ஐஸ் மஜீது வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தார். அவள் தலையை ஆட்டினாள். அதற்கு மேல் பேச்சு இல்லாததால் சங்கடப்பட்டு அவரே பேச ஆரம்பித்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, "இன்னாத்துக்குக்கா பொறந்தோம் நாமெல்லாம்?" என்பதில் வந்து நின்றது.

மற்ற நாளாக இருந்தால், "நீ ஐஸ் விக்க, நான் மீன் விக்க, போய் வேலையப் பாரு" என்று அங்கம்மா அங்கேயே முடித்திருப்பாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

மஜீது தொடர்ந்தார். "நாப்பது வருசமா ஐஸ் விக்கிறேன். காலையில வித்தது சாயந்தரம் தண்ணி. மேஸ்திரின்னா தோ நான் கட்டுன செவுருன்னு காட்டுவான். நான் இன்னாத்தக் காட்டறது? தொழுகையில நின்னாக்கூட லோடு உருகுதேன்னுதான் கீது நெனப்பு." பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ஆனா பெங்களூர் வரைக்கும் உன் மீனு நாறாம போய்ச் சேந்துச்சு இல்ல? அது நம்ம வேலதான? கடைசில நானும் அந்த மாதிரி நாறாம அல்லாகிட்ட போய்ச் சேந்தா போதும்க்கா." சொல்லிவிட்டு, அவள் ஏதோ பெரிய உபதேசம் செய்துவிட்டது போல நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அங்கம்மா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் ஓர் ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்பியது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

விஷயம் பரவியது. திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஆன்றோ வந்தார். உடன்குடிப் பக்கத்துக்காரர், கருவாடு வாங்க மாதம் இரண்டு தடவை வருகிறவர். "பெத்த புள்ளையளுக்காகத்தானக்கா மனுசன் வாழணும்? ஊர்ல மூணு மாடி வீடு கட்டிப் போட்டிருக்கேன். மவன் கனடாவுல இருந்துக்கிட்டு, எனக்கு வேண்டாம், வித்துருங்கப்பாங்கான். எல்லா ரூமும் பூட்டிக் கெடக்கு. பெறவு நான் எதுக்குக்கா இத்தன வருசம் லோலுபட்டேன்?"

'ஊரில் மூன்று மாடியைக் கட்டிவிட்டு இங்கே கடைக்குப் பின்னால் மூட்டை மேல் தூங்குகிறாயே, உன்னைப் போல ஒரு மடையன் உண்டா?' அங்கம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. நல்ல காரமான பதில். அதையும் விழுங்கினாள்.

ஆன்றோ மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்படாது. அந்தக் கடைக்குப் பின்னால அரிசி மூட்ட மேல படுத்தாத்தான் எனக்கு நல்லா ஒறக்கம் வருது. காலைல மொத ஆளு வந்து, அண்ணாச்சி, காப்பித்தூள்னு கதவத் தட்டுவாம் பாருங்க, அந்தச் சத்தத்துக்காகத்தாம்க்கா எந்திரிக்கேன்." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

அங்கம்மா தன் பதிலை எடுத்துப் பார்த்தாள். அது அவருக்குப் பொருந்தவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் சிரித்திருக்க மாட்டார், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் போயிருப்பார். இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனை பேர் பாதியிலேயே போனார்களோ என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு வாசலில் கூட்டம்தான். அனுபவிக்கப் பிறந்தோம் என்பவன் வந்தான். போன ஜென்மக் கடனைக் கழிக்கப் பிறந்தோம் என்பவள் வந்தாள். ஒன்றுக்குமே பிறக்கவில்லை, சும்மா பிறந்தோம் என்று சொல்லி ஒரு வெல்டர் இரண்டு டீ குடித்துவிட்டுப் போனான். மீஞ்சூரிலிருந்து வந்த ஒரு பெண் அவள் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டாள். அங்கம்மா அந்தப் பழத்தை மத்தியானமே ஊறுகாய் போட்டாள்.

கருணாகரனும் ஒரு நாள் சாயந்தரம் பேசினான். வலைக் கண்ணியைப் பின்னிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல்.

"எனக்கு இன்னா தெரியும்? போவணும், திரும்பி வரணும். அவ்ளோதான் நம்ம வாழ்க்க. திரும்பி வரச்சே கரை தெரியறதுக்கு முன்னாடியே உன் கொரல் கேக்கும். எவனையோ திட்டிகினு இருப்பே. அத்தக் கேட்டப்புறந்தான் இஞ்சின ஸ்லோ பண்ணுவேன்."

அங்கம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லாமலே சும்மா கிளறினாள். குரல் வராவிட்டால் இந்த மனுஷன் எதைக் கேட்டுவிட்டுக் கரைக்கு வருவான்? வேலை போவது இருக்கட்டும். குரல் போனால் அங்கம்மா என்று ஒருத்தி மிச்சம் இருப்பாளா? அழுகை வந்தது. அழுதால் தொண்டைக்கு ஆகாது என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் மொட்டை மாடிக்குப் போனாள். முன்பெல்லாம் அவள் படியேறுகிற சத்தத்துக்கு முன்னால் பேச்சுச் சத்தம் ஏறும். இப்போது எந்தச் சத்தமும் இல்லை என்பதால் மேலே இருந்தவளுக்குத் தெரியவில்லை. மலர் கருவாடு காயப்போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். எதிரே கைப்பிடிச் சுவரில் வரிசையாக ஏழெட்டுக் காக்கைகள்.

"இன்னா பாக்கறே? சங்கராடா இது, சங்கரா! கண்ணப் பாரு, கண்ணாடி மாதிரி கீது! ஏ நொண்டிக்காலு, நீ கேளு! பின்னால குந்திகினு கீறவன் வாயத் தொற! வுட்டா போச்சு, அப்புறம் அழுவாத!"

அசல் அங்கம்மாவின் ஏல வரிகள். கை வீச்சுகூட அவளுடையதுதான்.

முதலில் அங்கம்மாவுக்கு வந்தது ஆத்திரம்தான். அடிப்பாவி, நான் எப்போது விழுவேன் என்று காத்திருக்கிறாயா? பேச முடிந்திருந்தால் அன்றைக்கு ராயபுரமே கூடியிருக்கும். பேச முடியாததால் பார்த்துக்கொண்டே நின்றாள். காக்கைகளின் முன்னால் மலரின் முகம் எப்படி மின்னியது என்பதைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்த முகம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. சத்தம் போடாமல் இறங்கி வந்தாள்.

நாற்பதாம் நாள், தடை நீங்கிக் கருணாகரனின் லாஞ்சு கடலுக்குப் போன மறுநாள், டாக்டர் மாயா தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். காய்ப்பு பாதிதான் கரைந்திருந்தது. "பேசலாம். ஆனா ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம். மெதுவா. கத்தவே கூடாது. ஏலம் இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷமும் சந்தேகந்தான்."

அங்கம்மா கேட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடச் செலவழிக்கவில்லை.

தெருமுனையில் மஜீது, ஆன்றோ, வெல்டர் என்று எல்லோரும் நின்றிருந்தார்கள். அக்கறை பாதி, பயம் பாதி. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியாகிவிட்டது. இனி அவள் வாயைத் திறந்தால் அது எண்ணூர் வரை போகும். ஆன்றோ கையில் அவர் ஊர்ப் பக்கத்து மஸ்கோத் அல்வா ஒரு பொட்டலம் வேறு. அங்கம்மா அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டு, நேராக மலர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள்.

"காக்காங்களுக்கு எத்தினிக்குக் குடுத்தே?"

குரல் கரகரவென்று, யாருடையதோ போல வந்தது. மலர் மீன் அரிந்துகொண்டிருந்த அரிவாள்மனை சாய்ந்தது. முகம் வெளுத்துவிட்டது. தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "எதுவும் வாங்கலண்ணி. துட்டு இல்லாத பசங்க."

அங்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இனிமே நீ கூவு. நான் கூடை அடுக்கறேன்."

தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் திரும்பத் தொடங்கிய நாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, காசிமேடு நிரம்பி வழிந்தது. மலர் முதல் கூடைக்கு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. "மைக் வெச்சுக்க மலரு!" என்று ஒரு வியாபாரி கிண்டலடித்தான். பின்னால் குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அங்கம்மா, நாத்தனாரின் இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். "ஐயோ!" என்று மலர் போட்ட சத்தத்தில் நான்கு வரிசை தள்ளி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தை அவள் அப்புறம் கீழே இறக்கவே இல்லை. மூன்றாவது கூடையை மைக் சொன்னவன் தலையிலேயே நல்ல விலைக்குக் கட்டிவிட்டாள்.

எட்டு மணிக்குக் கருணாகரனின் லாஞ்சு வந்தது. நிறுத்தியதும் நிறுத்தாததுமாகக் குதித்து, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"கொரல் வேறயா கீது! நீ இல்லியோன்னு..." மூச்சு வாங்கியது. மலரைப் பார்த்தான். கூடைகளுக்கு நடுவில் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தான். "பேச்சு வந்துச்சுன்னு வயர்லெஸ்ல சொன்னாங்க. எதுனா பேசேன்."

காலையிலிருந்து அங்கம்மா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைய ஐந்து நிமிஷமும் அப்படியே இருந்தது. கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அவனை உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டே இல்ல? நீ சொல்லு" என்றாள் மெதுவாக. "கடல்ல இன்னா ஆச்சு?"

அவன் முதல் நாள் வலை சிக்கியதிலிருந்து ஆரம்பித்தான். லாஞ்சில் இருந்த மீன் முழுக்க இறங்கி முடிகிற வரை சொல்லிக்கொண்டே இருந்தான். அங்கம்மா நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.